அதனதன் இடத்தில்

எங்கள் இளந்தென்றல் நகருக்கு யார் வந்தாலும் முதலில் சொல்வது, இங்கே காற்று நன்றாக இருக்கிறது என்பதைத்தான். பாம்பு பிடிக்கிற எல்லப்பனைப் பற்றி விசாரிக்க வந்த உங்கள் ஏட்டய்யாகூட, தொப்பியைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு அதையேதான் சொன்னார். ஒரகடம் சாலையின் லாரிப் புழுதியிலிருந்து எங்கள் தெருவுக்குள் திரும்பினாலே மூக்குக்கு வித்தியாசம் தெரிந்துவிடும். அது சித்தேரியின் காற்று.

என் பெயர் சங்கரநாராயணன். கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். நகர் நலச்சங்கத்துக்குச் செயலாளர். நானாகத்தான் இங்கே வந்தேன். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் உள்ளே கிடப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. கவியா என்ற பெண் செத்ததற்கும் எல்லப்பனுக்கும் சம்பந்தம் இல்லை. எனக்கு எவ்வளவு சம்பந்தம் என்பதைச் சொல்கிறேன். அதற்கு முன்னால் நிலத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவசரப்படாமல் கேட்டால் நியாயம் உங்களுக்கே புரியும்.

எங்கள் கிழக்குச் சுவருக்கு அப்பால் வேலிகாத்தானும் புற்றுகளுமாக ஒரு மேட்டு நிலம். அதற்கும் அப்பால் அந்தச் சித்தேரி. அந்த மேட்டைத்தான் ஒரு கட்டுமானக் கம்பெனிக்காரன் வாங்கினான். வரிசையாக அடுக்குமாடிகள், தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஆயிரக்கணக்கான பேர் குடியிருக்க. அத்தனை பேருக்கும் தண்ணீர் எங்கள் நிலத்தடியிலிருந்து; அத்தனை பேர் கழிவும் ஏரிக்கு. மழைத்தண்ணீர் இறங்கும் மண் முழுக்க சிமெண்டு. இவை பொய்யான கவலைகள் அல்ல. இன்றைக்கும் ஒவ்வொன்றையும் நிரூபித்துக் காட்டுவேன்.

வல்லக்கோட்டையில் ஒரு கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தது. படங்கள், வரைபடங்கள் எல்லாம் வைத்துக்கொண்டு பேசினேன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டலாமா என்று கேட்டு முடித்தேன். கைதட்டுவார்கள் என்று நினைத்த இடத்தில் கிராமத்து ஆட்கள் சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்கள் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

நடேசன் என்று ஒருவர் எழுந்தார். பயிர்நிலத்தை விற்று வேன் வாங்கி, கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றுகிறவர்.

"இன்னா சார் பேசிக்கினு கீற? உங்க நகரே எங்க ஏரி வரத்துக் கால்வா மேலதான் கீது. நீங்க வூடு கட்டசொல்ல நாங்க எதனா கேட்டோமா? இப்போ வந்து, ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுவுது."

மண்டபமே கொல்லென்று சிரித்தது. எங்கள் நகர்க்காரர்கள் பதிலுக்குக் கத்தினார்கள், நாற்காலிகள் நகர்ந்தன, ஒருவர் சட்டையை ஒருவர் பிடிக்கும் நிலை. அந்தக் கூச்சலுக்கு நடுவில், பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டையைக்கூடக் கழற்றவில்லை. அவள்தான் கவியா.

"சார், நாங்க சுங்குவார்சத்திரத்துல ஒரே ரூமுல அடஞ்சு கெடக்கோம். ஒருத்தி ஷிப்டுக்குக் கெளம்புனாத்தான் இன்னொருத்திக்குப் பாயி. நாங்க வந்தா ஏரி கெட்டுப்போயிரும்னு சொல்லுதீங்க, சரி. நாங்க எங்க போயிப் படுக்கன்னும் நீங்களே சொல்லீருங்க."

அதற்குத்தான் கைதட்டினார்கள். எனக்கு வந்திருக்க வேண்டிய கைதட்டல். எனக்குக் கோபம் வந்தது, அதை மறைக்கவில்லை. ஆனால் கோபத்தில் காரியம் செய்கிறவன் அல்ல நான். என்னோடு வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள்.

அனுமதி கிடைத்துவிட்டது. நாங்கள் வழக்குப் போட்டோம். வழக்கு வழக்காக நடக்க, ஜேசிபிகள் இறங்கிப் புற்றுகளைப் பெயர்த்து எறிந்தன. புற்றில் இருந்தவை எங்கே போகும்? எங்களிடம் வந்தன. பாம்பென்றால் படையும் நடுங்கும். எங்கள் நகரில் இருப்பவர்கள் கரப்பான்பூச்சிக்கே ஆள் கூப்பிடுகிறவர்கள். எல்லப்பனை வரவழைத்தேன். இருளர். மணிமங்கலம் பக்கத்திலிருந்து மொபெட்டில் வருவான். பிடித்த பாம்பை, மூடியில் துளை போட்ட பிளாஸ்டிக் ஜாடியில் போட்டு, தொலைவில் காப்புக்காட்டில் கொண்டுபோய் விடுவதுதான் முறை. அவனுக்கு எதற்கு அலைச்சல் என்று, "ஜாடியை என்னிடம் கொடு, நான் காரில் போகும்போது விட்டுவிடுகிறேன்" என்றேன். கும்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

முதலில் வந்தது ஒரு சாரை. ஜாடியைக் காரில் வைத்தபோது யோசித்தேன். இதன் வீடு காட்டிலா இருக்கிறது? இல்லை, சுவருக்கு அந்தப் பக்கம். ஒரு ஜீவனை அதன் இடத்திலிருந்து பெயர்த்து எங்கேயோ தள்ளிவிடுவது கம்பெனிக்காரன் செய்கிற வேலை. நானும் அதையே செய்யலாமா? கட்டட வேலை நடந்த இடத்தைச் சுற்றியிருந்த தகர வேலியில் ஒரு சந்து இருந்தது. அங்கே ஜாடியைச் சாய்த்தேன். அது பாட்டுக்குப் போயிற்று. அன்று வெகு நாளைக்குப் பிறகு எனக்கு நல்ல பசி எடுத்தது. அதது அதனதன் இடத்தில் இருந்துவிட்டால் யாருக்கும் யாராலும் தொந்தரவு இல்லை.

அடுத்தது ஒரு நல்லபாம்பு. அதையும் அங்கேதான் விட்டேன். அங்கே வேலைக்கு இருந்த உள்ளூர் ஆட்கள் அதை அடிக்கவில்லை. கற்பூரம் கொளுத்தி, "போயிடு தாயே" என்று கும்பிட்டு, அன்றைக்கு வேலையையே நிறுத்திவிட்டார்கள். எங்கள் வக்கீலால் ஆகாததை ஒரு பாம்பு செய்தது. நான் அதைக் கவனித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு ஒரு கண்ணாடிவிரியன். வடக்கேயிருந்து வந்த கொத்து வேலைக்காரன் ஒருவன் செங்கல் எடுக்கப் போய், காலில் கடி வாங்கிக்கொண்டான். உயிர் தப்பினான், காலை எடுத்துவிட்டார்கள். நான் அந்தச் செய்தியை வழக்கில் கூடுதலாகச் சேர்த்தேன். அது பாம்புகளின் வாழிடம், மனிதர் குடியிருக்கத் தகுந்த இடம் அல்ல என்று நாங்கள் ஆரம்பத்திலேயே சொன்னோம் அல்லவா? சொன்னது ஒவ்வொன்றாக உண்மையாகிக்கொண்டு வந்தது. நீங்கள் முகத்தைச் சுளிக்கிறீர்கள். பாம்பை அங்கே விட்டதால்தானே கடித்தது என்கிறீர்கள். அங்கே இருந்த பாம்பைத்தானே அங்கே விட்டேன்?

முதல் அடுக்குமாடி கட்டி முடிந்தது. அதைப் பெண்கள் ஹாஸ்டலாக வாடகைக்கு விட்டார்கள். காலையில் நான் நடக்கப் போகும்போது, கம்பெனி பஸ்ஸுக்கு வரிசையில் நிற்பார்கள். சத்தமும் சிரிப்புமாக இருக்கும். எங்கள் சுவர் ஓரமாக நிழல் இருக்கிறதென்று அங்கே வந்து உட்காருவார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஏரிக்கரையில் நடக்கவே இடம் கிடையாது.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை கவியா என் வீட்டு மணியை அடித்தாள். திறந்தேன்.

"சார், அன்னைக்கு மண்டபத்துல வெடுக்குன்னு பேசிட்டேன். மனசுல வச்சுக்கிடாதீங்க. நீங்க சொன்னது நெசந்தான். எங்க பாத்ரூம் தண்ணிய சுத்தமே பண்ணாம ஏரிக்குத்தான் விடுதாங்க. கீழ கடைசி ரூமு எங்களுது, அந்தக் குழாய்தான் ரொம்ப மோசம். எப்ப வேணாலும் வந்து பாருங்க. உங்க கேசுல நாங்களும் சேந்துக்கிடுதோம். நம்ம ஏரில்லா சார்."

நம்ம ஏரி. எனக்கு அது சுருக்கென்றது. எத்தனை வருஷமாக அந்தக் காற்றுக்காகப் பாடுபட்டிருக்கிறேன். வந்து நாலு மாதம் ஆகாதவள், வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல், நம்ம ஏரி என்கிறாள்.

போகும்போது கதவோரப் பெயர்ப்பலகையைப் படித்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"சங்கரநாராயணனா! அப்ப நீங்க சங்கரன்கோயில் பக்கம்லா சார்? பேச்சுலயே எனக்கு ஒரு சம்சயம். நானும் அங்கதான். நம்ம ஊரு!"

இல்லை என்றேன். அப்பா ஏதோ சாமி பெயரை வைத்தார், அவ்வளவுதான் என்றேன். உங்களிடம் மறைப்பதற்கில்லை, பிறந்தது அங்கேதான். இந்தப் பக்கம் முதல் கம்பெனிகள் வந்த காலத்தில் ஒரு துணிப்பையோடு வந்து இறங்கி, படப்பையில் ஒரு அறையில் பாய் மாற்றிப் படுத்தவன்தான் நானும். ஆனால் அது என் மனைவிக்கே முழுதாகத் தெரியாது. எங்கள் நகரில் யாரும் என் பேச்சைக் கேட்டு ஊர் கண்டுபிடித்ததில்லை. அவள் ஒருத்திதான் கண்டுபிடித்தாள்.

அவள் நம்பவில்லை என்பது சிரிப்பிலேயே தெரிந்தது. அடுத்த நாள் மறுபடி வந்து, ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை என் கையில் வைத்தாள். சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதிப் புற்றுமண்.

"எங்கம்மா குடுத்து விட்டது. தலமாட்டுல வச்சிருந்தேன். உங்க வீட்டுப் பக்கம் பூச்சி வருதுன்னாங்க, நீங்க வச்சுக்கிடுங்க சார். இது இருந்தா ஒண்ணும் அண்டாது. நாங்க இத்தன பேரு ஒண்ணாப் படுக்கோம், எங்களுக்கு என்ன பயம்?"

பாம்பை இரவில் பெயர் சொல்லாமல் பூச்சி என்றுதான் சொல்லுவார்கள், எங்கள் பக்கத்தில். அவர்கள் பக்கத்தில். அந்த மண்ணை நெற்றியில் இட்டு, ஒரு சிட்டிகை வாயில் போட்டுக்கொள்வார்கள். எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வாங்கி வைத்துக்கொண்டேன்.

கார்த்திகை மழையில் என் வீட்டு இரும்புக் கேட்டின் சக்கரத்தில் ஒரு பாம்பு வால் மாட்டிக்கொண்டது. எல்லப்பன் வந்து எடுத்தான். கறுப்பு உடம்பில் வெள்ளை வளையங்கள். எங்கள் நகர்க்காரர்கள் தள்ளி நின்று படமெடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். எல்லப்பன் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்.

"கட்டுவிரியன் சார். மத்த பாம்பு கடிச்சா வலிக்கும், வீங்கும். இது கடிச்சா கொசு கடிச்சா மாரி கூட இருக்காது. தரையில படுத்தவன் பக்கத்துல சூட்டுக்கு வந்து சுருண்டுக்கும். காலைல வயித்த வலிக்கும், கண்ணு சொருகும், நாக்கு கொழறும். தூக்கம்னு நெனச்சுக்கினே ஆளு பூடும். இத தூரமா வுட்டுடு சார்."

வாலின் நுனி நைந்திருந்தது. பாவமாக இருந்தது. நாலைந்து நாள் கார் டிக்கியிலேயே வைத்திருந்தேன், புண் ஆறட்டும் என்று.

ஹாஸ்டலின் கழிவுநீர்க் குழாய்களுக்குக் கம்பிவலை போடவில்லை, அதன் வழியாக விஷஜந்துக்கள் உள்ளே போகும் என்று நான் முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. குழாய்களைப் பார்வையிட வாரம் ஒருமுறை போவேன். காவலாளி சல்யூட் வைப்பான். அன்றும் வைத்தான். வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது, உள்ளே யாரோ பாட்டுப் போட்டிருந்தார்கள். துணிப்பையிலிருந்து ஜாடியை எடுத்து, தரைத்தளத்தில் கடைசி அறையின் குழாய் வாயில் வைத்து மூடியைத் திறந்தேன். நான் அதை யார் மேலும் விடவில்லை. நிலத்தில் விட்டேன். நிலத்தின் மேல் அறை கட்டியது நானல்ல. ஏன் கடைசி அறை என்றால், அந்தக் குழாய்தான் ரொம்ப மோசம் என்று அவளே சொல்லியிருந்தாள். அந்தப் பொட்டலம் அன்று என் சட்டைப்பையில் இருந்தது. எதற்கு எடுத்துக்கொண்டேன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை வழக்கம்போல நடக்கப் போனேன். பெண்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். கவியா மட்டும் எங்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள், முடியவில்லை.

"சார், வயிறு ஒரு மாதிரியா வலிக்கு. கண்ணு தொறக்கவே மாட்டேங்கு." பேச்சு குழறியது. இமைகள் பாதிக்கு மேல் எழவில்லை.

எல்லப்பன் சொன்ன அடையாளம் அத்தனையும் அவள் முகத்தில் இருந்தது. செங்கல்பட்டில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே மருந்து இருக்கிறது. என் கார் வாசலில் நின்றது. இவற்றில் எதுவும் எனக்குத் தெரியாது என்று சொல்ல மாட்டேன்.

"வெறும் தூக்கந்தான் தாயி," என்றேன். "போயி ஒரு தூக்கம் போடு, சரியாப் போயிரும்."

எப்படி அந்தப் பேச்சு என் வாயில் வந்தது என்று தெரியவில்லை. ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் இருக்கும். அவள் அந்தக் கண்ணோடு சிரித்தாள். "நான் சொன்னேன்லா சார், நீங்க நம்ம ஊருதான்," என்றாள். பஸ் வந்தது. இரண்டு பெண்கள் கைத்தாங்கலாக ஏற்றினார்கள்.

அதற்குப் பிறகு நடந்தது அவளோடு இருந்த பெண்கள் சொன்னது. லைனில் நின்றபடி தலை தொங்கியிருக்கிறது. "நைட்டெல்லாம் போன நோண்டிக்கினு இங்க வந்து தூங்குறியா?" என்று சூப்பர்வைசர் திட்டியிருக்கிறார். நர்ஸ் வயிற்றுவலி மாத்திரை கொடுத்து ஓய்வறையில் படுக்க வைத்திருக்கிறார். பாவம், ஓடி உழைத்த பெண், தூங்கட்டும் என்று தோழிகளும் விளக்கை அணைத்துவிட்டு வந்திருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லாதீர்கள். ஷிப்டும் ஓ.டி.யும் பார்க்கிற இடத்தில் கண் சொருகாதவர் யார்? மூச்சு நின்ற பிறகுதான் தூக்கமில்லை என்று தெரிந்தது. இதை என்னைவிட நன்றாக யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. அந்த லைன்களில்தான் என் ஆயுசு போயிற்று. அங்கே யாருக்கும் சந்தேகம் வராது என்று எனக்குத் தெரியும்.

அறையில் பாய்க்கடியில் பாம்பு கிடைத்தது. அடித்துக் கொன்று படமெடுத்தார்கள். ஹாஸ்டல் காலியானது, பெண்கள் மறுபடி சுங்குவார்சத்திரத்துக்கே போனார்கள். மீதிக் கட்டட வேலைக்குத் தடை வந்தது. எங்கள் நகரில் மெழுகுவத்தி ஏற்றி அஞ்சலி செலுத்தினோம். நான்தான் பேசினேன். இயற்கையின் இடத்தை மனிதன் பறித்தால் இயற்கை சும்மா இருக்காது என்றேன். பலர் அழுதார்கள்.

பிறகு யாரோ நைந்த வாலைக் கவனித்து, எங்கள் வீட்டில் எல்லப்பன் பிடித்த பாம்பின் வாட்ஸப் படத்தோடு ஒப்பிட்டார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோவில் ஆண்டி. அவனைப் பிடித்து அடித்து உங்களிடம் ஒப்படைத்தார்கள். அவன், சாரிடம்தான் கொடுத்தேன் என்று சொல்லியிருக்கிறான். அதைக் கேட்கத்தான் ஏட்டய்யா என் வீட்டுக்கு வந்தார். எனக்கு நினைவில்லை என்றேன். அன்று தடை உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை. நான் வெளியில் இருக்க வேண்டியிருந்தது. இப்போது வந்துவிட்டது. அதனால் வந்தேன். அவனை விட்டுவிடுங்கள்.

ஆமாம், கவியாவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், தயக்கமில்லை. இந்தாருங்கள், அந்தப் பொட்டலம். இன்னும் பிரிக்கவில்லை. அவள் அம்மாவிடம் சேர்த்துவிடுங்கள். அடுத்தவர் பொருள் எனக்கு எதற்கு?

எழுதியதைப் படித்துப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுமுன் ஒரே ஒரு திருத்தம். சொந்த ஊர் என்ற இடத்தில் சங்கரன்கோவில் என்று போட்டிருக்கிறீர்கள். அதை அடித்துவிட்டு, இளந்தென்றல் நகர் என்று எழுதுங்கள்.